ஜெர்மனிக்கு வேலை தேடிப் போவது: ஆப்பர்ச்சூனிட்டி கார்டு விண்ணப்பம், படிப்படியாக

ஜெர்மனியில் வேலை தேடுவதற்கான விசா என்றால், 2024 வரை நமக்குத் தெரிந்தது ஆறு மாத ஜாப் சீக்கர் விசாதான். பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்க அதில் வழியில்லை. ஆறு மாதம் முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டியதுதான். 2024 ஜூன் 1 முதல் அந்த இடத்துக்கு வந்திருப்பது ஆப்பர்ச்சூனிட்டி கார்டு. ஜெர்மன் மொழியில் சான்சன்கார்டே என்பார்கள். ஒரு வருடம் வரை தங்கலாம், வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம் பகுதி நேர வேலை பார்க்கலாம், ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் செய்து பார்க்கலாம். வேலை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே வேலைக்கான அனுமதிக்கு மாறிக்கொள்ளலாம்.

நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் முழுக்க ஓடுவது உங்கள் சொந்தப் பணத்தில். அதனால் வேலை தேடலை விமானம் ஏறிய பிறகு தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். நாலைந்து மாதம் முன்பே வீட்டில் உட்கார்ந்து தொடங்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த விசா உங்களுக்குத் தேவைதானா?

ஊரில் இருந்தபடியே வேலை ஒப்பந்தம் வாங்க முடிந்தால் இந்த விசாவே வேண்டாம். பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கோ திறன்மிகு பணியாளர் விசாவுக்கோ நேரடியாக விண்ணப்பிக்கலாம். லட்சக்கணக்கில் பணத்தை முடக்கிவைக்க வேண்டியதில்லை, குடும்பத்தையும் கூட்டிப்போகலாம். ஆகவே முதல் மூன்று மாதம் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பித்துப் பாருங்கள். நேர்முகத்துக்கு ஓர் அழைப்புகூட வரவில்லையென்றால், கோளாறு உங்கள் முகவரியில் இல்லாமல் சுயவிவரத்திலோ மொழியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் ஜெர்மனிக்குப் போனாலும் அதே பதில்தான் வரும். மாறாக, முதல் சுற்று நேர்முகங்கள் நடந்து, "நீங்கள் இங்கே இருந்திருந்தால் உடனே பேசியிருக்கலாம்" என்கிற மாதிரி பதில்கள் வருகின்றனவா? அப்படியானால் இந்த விசா உங்களுக்கென்றே செய்தது.

துறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகளில் வேலை பார்த்த பலருக்கு ஜெர்மனி என்றாலே ஸ்டுட்கார்ட்டும் வொல்ஃப்ஸ்பர்க்கும்தான் நினைவுக்கு வரும். இப்போது அங்கே காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் தன் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. பெட்ரோல், டீசல் எஞ்சின் அனுபவம் மட்டும் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதே நேரம் டிரெஸ்டன் நகரத்தில் சிப் தொழில் வளர்கிறது. தைவானின் டிஎஸ்எம்சி, பாஷ், இன்ஃபினியன், என்எக்ஸ்பி ஆகியவை கூட்டாகக் கட்டும் ஆலைக்கு 2024 ஆகஸ்டில் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. எம்பெடட் மென்பொருள், மின்சார வலையமைப்பு, ஆட்டோமேஷன் தெரிந்தவர்களுக்கு ஊர் பெயர் தெரியாத நடுத்தர நிறுவனங்களில்கூட இடம் உண்டு. பெரிய பெயர்களை மட்டுமே துரத்தாதீர்கள்.

மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தப் பாதையில் அவசரப்பட்டு இறங்க வேண்டாம். அந்தத் தொழில்களுக்கு ஜெர்மன் அரசின் தொழில் அனுமதி கட்டாயம். அதற்கான அங்கீகார நடைமுறையும் அதற்குரிய விசாவும் தனி.

முதல் படி: அனாபினில் உங்கள் பட்டம்

இந்த ஒரு படியில்தான் பலருக்குக் காசும் காலமும் மிச்சமாகும். நிதானமாகச் செய்யுங்கள்.

இந்த அட்டைக்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்குச் சமமானது என்று ஆகிவிட்டால் நீங்கள் முழுத் தகுதி பெற்ற பணியாளர். புள்ளிக் கணக்கே தேவையில்லை. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால் அடிப்படைத் தகுதி முடிந்தது. பட்டம் அப்படி ஏற்கப்படாதபோதுதான் இரண்டாவது வழியான புள்ளி முறை. இணையத்தில் பார்க்கும் எல்லா வீடியோக்களும் ஆறு புள்ளி, ஆறு புள்ளி என்று பேசுவதால், நாலு வருட பி.இ. முடித்தவர்கள்கூடத் தேவையில்லாமல் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டம் சமமா என்று பார்க்கும் இடம் அனாபின் என்ற இலவசத் தரவுத்தளம். பக்கம் ஜெர்மனில்தான் இருக்கும், பிரவுசரில் மொழிபெயர்ப்பைப் போட்டுக்கொள்ளலாம். முதலில் நிறுவனங்கள் பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு "என் காலேஜ் இல்லையே" என்று கலங்க வேண்டாம். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமோ அதைத்தான் தேட வேண்டும். பட்டச் சான்றிதழின் தலையில் அச்சாகியிருக்கும் பெயர் அதுதான். அதற்கு நேரே எச்+ என்று இருந்தால் ஜெர்மனி ஏற்கும் பல்கலைக்கழகம் என்று பொருள், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, பட்டங்கள் பகுதி. அங்கே உங்கள் பட்டத்தின் பெயரையும் படிப்புக் காலத்தையும் வைத்துத் தேடினால் ஒரு மதிப்பீடு வரும். 'எண்ட்ஷ்ப்ரிஷ்ட்' அல்லது 'க்ளைஷ்வெர்டிக்' என்று இருந்தால் சமம் என்று பொருள். 'பெடிங்ட் ஃபெர்க்ளைஷ்பார்' என்றிருந்தால் ஓரளவுக்கே ஒப்பிடலாம் என்று அர்த்தம். அது முழுத் தகுதிக்குப் போதாது. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் இந்த வரியை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். நிறுவனம், பட்டம் இரண்டும் சரியாக இருந்தால் இரண்டு பக்கங்களையும் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அவை வேண்டும்.

பல்கலைக்கழகம் எச்+/- (தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்) என்று இருந்தாலோ, பட்டமே பட்டியலில் இல்லாவிட்டாலோ, பான் நகரத்தில் இருக்கும் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். அதன் ஜெர்மன் சுருக்கப் பெயர் ஸெட்ஏபி. விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் 208 யூரோ. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் கேட்பார்கள். தற்காலிகச் சான்றிதழை நம்பி நிற்காமல் பட்டமளிப்புச் சான்றிதழை இப்போதே பல்கலைக்கழகத்தில் எழுதிப்போட்டு வாங்கிவிடுங்கள். அதற்கு ஆகும் அலைச்சலும் நாளும் நமக்குத் தெரிந்ததுதானே. ஸெட்ஏபி சான்றுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், எல்லா வேலைகளுக்கும் முன்னால் இதைத் தொடங்குவது நல்லது.

அனாபின் வேலையைத் தள்ளிப்போட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புள்ளி முறையில் அட்டை வாங்கி ஜெர்மனிக்குப் போய்விடலாம். ஆனால் வேலை கிடைத்த பிறகு ப்ளூ கார்டு கேட்கும்போது அதே பட்டக் கேள்வி திரும்பவும் எழும். பட்டம் சமமாக ஏற்கப்படாதவர்களுக்கு அனுபவத்தின் அடிப்படையில் வேறொரு வேலை அனுமதி இருக்கிறது. சொந்த நாட்டு அரசு ஏற்ற பட்டம் அல்லது தொழிற்பயிற்சி, கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம், அதோடு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும். ஐடி துறையினருக்குப் பட்டம்கூடத் தேவையில்லை. எந்த அனுமதிக்கு நீங்கள் கடைசியில் மாறப்போகிறீர்கள் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

புள்ளி முறையில் போகிறவர்களுக்கு

நுழைவதற்கே மூன்று வேண்டும்: சொந்த நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட பட்டம் அல்லது குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சி, ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2, அப்புறம் செலவுக்குப் பணம். மொழித் தேர்ச்சியை ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறுமுகமாக அளப்பார்கள். பாலிடெக்னிக், ஐடிஐ போன்ற தொழிற்கல்வியோடு போகிறவர்கள், அது அரசு ஏற்றதுதான் என்று ஸெட்ஏபி தரும் மின்னணு உறுதிச் சான்றையும் இணைக்க வேண்டும். இதற்கு மேல் ஆறு புள்ளி.

புள்ளிகள் இப்படி வரும். தகுதி ஜெர்மனியில் பகுதியளவு அங்கீகரிக்கப்பட்டிருந்தால் 4. படிப்போடு தொடர்புள்ள அனுபவம் கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடம் இருந்தால் 3, கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் இருந்தால் 2. வயது 35-க்கு மிகாமல் இருந்தால் 2, அதற்கு மேல் 40 வரை 1. ஜெர்மன் ஏ2-வுக்கு 1, பி1-க்கு 2, பி2 அல்லது அதற்கு மேல் 3. ஆங்கிலம் சி1 இருந்தால் தனியாக 1. ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலுக்கான படிப்பாக இருந்தால் 1. கடந்த ஐந்து வருடத்தில் ஜெர்மனியில் தொடர்ந்து ஆறு மாதம் சட்டப்படி தங்கியிருந்தால் 1, சுற்றுலா கணக்கில் வராது. கணவனோ மனைவியோ தகுதி பெற்று உங்களோடு சேர்ந்து விண்ணப்பித்தால் 1.

மூன்று வருட பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்து, ஆறு வருடமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கும் 33 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 2, அனுபவத்துக்கு 3. ஆள் பற்றாக்குறைத் தொழிலுக்கான புள்ளியைச் சேர்க்காமலே ஐந்து ஆயிற்று. ஆங்கிலம் சி1 வாங்கினாலோ ஜெர்மன் ஏ2 முடித்தாலோ ஆறு. இதே ஆள் 38 வயதில் போனால் வயதுப் புள்ளி ஒன்றாகிவிடும், அப்போது இரண்டையுமே வாங்க வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ஐடியில் வேலை பார்த்தவருக்கு அந்த அனுபவம் படிப்போடு தொடர்பில்லாதது என்று தள்ளப்படலாம். அவர் மொழியில்தான் புள்ளி தேட வேண்டும்.

மேக் இட் இன் ஜெர்மனி என்ற ஜெர்மன் அரசின் தளத்தில் தகுதியைச் சரிபார்க்கும் கேள்விப் படிவம் இருக்கிறது. உங்கள் கணக்கை அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மொழி

முழுத் தகுதி வழியில் போகிறவர்களுக்கு விசாவுக்காக மொழிச் சான்று கட்டாயமில்லை. ஆனால் வேலைக்கு வேண்டும். பெர்லினிலும் மியூனிக்கிலும் ஆங்கிலத்திலேயே ஓடும் ஐடி வேலைகள் உண்டு, போட்டியும் அங்கேதான் கடுமை. இயந்திரவியல், கட்டடம், மின்சாரம், தரக் கட்டுப்பாடு என்று போனால், ஆலையில் உங்கள் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி ஜெர்மனில்தான் பேசுவார். விளம்பரத்தில் 'ஃபெர்ஹாண்ட்லுங்ஸ்ஸிஷர்' என்று மொழித் தகுதி கேட்டிருந்தால், அது கூட்டத்தில் தடையில்லாமல் பேசி வாதாடும் அளவு. ஏ1 சான்றிதழோடு அதற்கு விண்ணப்பிப்பது வீண்.

என் கருத்தில் பி1 வரையாவது முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று எல்லோரும் சொல்லும் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, கொழும்பிலும் கோத்தே இன்ஸ்டிட்யூட் உண்டு. எங்கே படித்தாலும் பரவாயில்லை, தேர்வை மட்டும் கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற ஏற்கப்பட்ட அமைப்பில் எழுதுங்கள். பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழைத் தூதரகம் ஏற்காது. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் மாதிரியான தேர்வுகள். ஐஇஎல்டிஎஸ்ஸில் 7 எடுத்தால் சி1 நிலை.

பணம்

2025-க்கு ஜெர்மனி கேட்ட தொகை மாதம் 1,091 யூரோ. ஒரு வருடத்துக்கு 13,092. இந்தத் தொகை அவ்வப்போது மாறும் என்பதால் கணக்கில் பணம் போடும் வாரத்தில் தூதரகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலோர் இதை ப்ளாக்டு அக்கவுண்டில் காட்டுகிறார்கள். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா, கோரக்கிள் போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஆன்லைனில் திறந்து தருகின்றன. முழுத் தொகையையும் போட்டதும் உறுதிச் சான்று வரும். ஜெர்மனி போன பிறகு மாதாமாதம் அந்த 1,091 மட்டும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஜெர்மனியில் இருக்கும் உறவினரோ நண்பரோ அங்குள்ள அலுவலகத்தில் உங்களுக்குப் பொறுப்பேற்று எழுதிக்கொடுக்கலாம். பகுதி நேர வேலை ஒப்பந்தம் முன்பே கிடைத்திருந்தால் அதையும் காட்டலாம்.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 13,092 யூரோ ஏறக்குறைய 13.1 லட்சம். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், கல்வி, மருத்துவம் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். இந்தக் கணக்கில் 3.1 லட்சத்துக்கு 62,000 ரூபாய். அது தொலைந்துபோகும் பணம் இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பவும் வரும். ஆனால் அனுப்பும் அன்று கையில் அந்த 62,000-மும் சேர்த்து இருக்க வேண்டும். கிளம்பும் மாதம் தோதாக இருந்தால் ஒரு பகுதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டாகப் பிரிந்துவிடும்.

பகுதி நேர வேலையில் சமாளித்துக்கொள்ளலாம் என்று இந்தத் தொகையைக் கடன் வாங்கிக் காட்டாதீர்கள். 2026 ஜனவரி முதல் ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் பிடித்தம் போவதற்கு முன் மாதம் 1,200 யூரோ அளவுக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வேலை இறங்கியதுமே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. கிடங்கிலும் உணவகத்திலும் களைத்துவிட்டு வந்து இரவில் விண்ணப்பம் எழுதுவதும் எளிதல்ல. வட்டிக்கு வாங்கிய பணம் பின்னால் நின்றால், கைக்கு வந்த முதல் வேலையையே பிடித்துக்கொண்டு நல்ல வேலைக்கான தேடலை விட்டுவிட நேரும்.

இங்கே ஏஜெண்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "வேலை உத்தரவாதம்" என்று சொல்லி லட்சங்கள் கேட்பவர்களிடம் தயவுசெய்து பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்த அட்டையின் சட்டத்தில் வேலை உத்தரவாதம் என்று எதுவும் கிடையாது. விசா கட்டணம் 75 யூரோ. படிவத்தை நீங்களே நிரப்பலாம், அனாபினை நீங்களே பார்க்கலாம். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் இப்படிப் போவதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பெயரும் காகிதங்களும்

இன்ஷியல் நமக்கே உரிய தலைவலி. சான்றிதழில் 'க. முருகன்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்று விரிந்திருக்கும். அனுபவக் கடிதத்தில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொல்லாமலே தெரியும், ஜெர்மன் அதிகாரிக்கு அப்படித் தெரியாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே எல்லாப் படிவங்களிலும் நிரப்புங்கள். மற்ற ஆவணங்களில் மாறியிருந்தால் அவை எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, எல்லா வடிவங்களையும் அதில் எழுதி இணைத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறவர்கள், நேரம் இருந்தால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அதை நிரப்பிக்கொள்வது நல்லது. விசாவில் தொடங்கி வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு அட்டை வரை ஜெர்மனியில் எல்லாம் குடும்பப் பெயரில்தான் ஓடும்.

காகிதங்கள் இவை: பாஸ்போர்ட், பயோமெட்ரிக் அளவுப் புகைப்படம், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், அனாபின் பக்கங்கள் அல்லது ஸெட்ஏபி சான்று, மொழிச் சான்றிதழ், அனுபவக் கடிதங்கள், சுயவிவரம், நோக்கக் கடிதம், பணத்துக்கான சான்று, மருத்துவக் காப்பீடு. அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும் போதாது. என்ன வேலை செய்தீர்கள் என்று நாலு வரியாவது இருக்க வேண்டும். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். தராவிட்டால் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் சேர்த்து வையுங்கள்.

நோக்கக் கடிதத்தில் "ஜெர்மனி என் கனவு" என்று ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டாம். என்ன வேலை தேடுகிறீர்கள், எந்தெந்த ஊர்களில், உங்கள் அனுபவம் அதற்கு எப்படிப் பொருந்துகிறது, ஒரு வருடத்தை எப்படிச் செலவிடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஊரிலிருந்தே விண்ணப்பித்த நிறுவனங்களின் பட்டியல் இங்கே உதவும். "இந்த ஆறு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன், இரண்டில் நேர்முகம் நடந்தது" என்ற ஒரு வரி மற்ற எதைவிடவும் நம்பிக்கை தரும்.

விண்ணப்பம்

ஜெர்மன் வெளியுறவு அலுவலகத்தின் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கேள்விகளுக்குப் பதில் நிரப்பி, ஆவணங்களைப் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். குறை இருந்தால் எழுதிக் கேட்பார்கள். அதன் பிறகு நேரில் வரச்சொல்லி நாள் கொடுப்பார்கள், அப்போது மூல ஆவணங்கள், கைரேகை, கட்டணம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலுள்ள துணைத் தூதரகம், இலங்கையில் வசிப்பவர்களுக்குக் கொழும்புத் தூதரகம். வேலை நிமித்தம் பெங்களூரில் இருப்பவர்கள் தங்கள் முகவரிக்குரிய துணைத் தூதரகம் எது என்று பார்த்துக்கொள்ளவும். ஏற்றும் கோப்புகளுக்கு 'ஸ்கேன்1', 'ஸ்கேன்2' என்று இல்லாமல் உள்ளே என்ன இருக்கிறதோ அந்தப் பெயரையே வையுங்கள்.

இது வரையில் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட பிறகு நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

மறுக்கப்பட்டால்? முன்பெல்லாம் தூதரகத்துக்கே மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த நடைமுறையை உலகம் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அதனால் முதல் தடவையே முழுமையாகக் கொடுப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

போய் இறங்கிய பிறகு

வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் இல்லாமல் பதிய முடியாது. ஆகவே அந்தப் படிவம் தருவீர்களா என்று அறை பேசும்போதே கேளுங்கள். அறையை நேரில் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். முன்பணம் சட்டப்படி, மின்சாரம், சூடேற்றும் செலவு சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. குடியேறிய அன்றே தபால் பெட்டியில் உங்கள் குடும்பப் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். வரி எண், வங்கிக் கடிதம், அரசு அலுவலகத்தின் அழைப்பு எல்லாம் காகிதத்தில்தான் வரும்.

பெருநகரங்களை விட்டுத் தள்ளி, சின்ன நகரங்களில் அறை வாடகை குறைவு, பதிவுக்கான நாளும் சீக்கிரம் கிடைக்கும். முதல் நேர்முகங்கள் பெரும்பாலும் வீடியோவில் நடப்பதால் மியூனிக்கில் உட்கார்ந்துதான் தேட வேண்டும் என்பதில்லை.

விண்ணப்பம் போடும் முறை நம்மூர் வழக்கத்திலிருந்து வேறு. இரண்டு பக்கத்துக்கு மிகாத சுயவிவரம், அதில் மாதம், வருடத்தோடு இடைவெளியில்லாத வரிசை, அந்த வேலைக்கென்றே எழுதிய ஒரு பக்கக் கடிதம், சான்றிதழ்கள் எல்லாம் சேர்த்து ஒரே பிடிஎஃப். நாற்பது இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, பத்து இடத்துக்குப் படித்துப் பார்த்து எழுதுவது பலன் தரும். அரசு வேலைவாய்ப்பு அமைப்பான பூண்டஸ்அகென்டூரின் தளம், ஸ்டெப்ஸ்டோன், லிங்க்ட்இன் மூன்றையும் தினமும் பாருங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆவது அங்கே சாதாரணம். சோதனை வேலைக்கு இரண்டு வாரம் அனுமதி இருப்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது சின்ன நிறுவனங்களுக்குப் பிடித்த வசதி.

சுயதொழிலாக ஃப்ரீலான்ஸ் வேலை இந்த அட்டையில் செய்ய முடியாது. ஊரிலிருந்து கொண்டுபோன மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு உதவும் வகைதான். சம்பள வேலை தொடங்கும்போது அரசுக் காப்பீட்டில் சேர வாய்ப்பு வரும், அப்போது மாறிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் வந்ததும்

கையெழுத்துப் போடும் முன் ஆண்டுச் சம்பளத்தைப் பாருங்கள். 2026-ல் ப்ளூ கார்டுக்குக் குறைந்தபட்சம் 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் 45,934.20. நிறுவனம் 45,500 தருவதாகச் சொன்னால் தயங்காமல் இந்த வரம்பைச் சொல்லிக் கேளுங்கள். சில நூறு யூரோ கூட்டித் தர அவர்களுக்குப் பெரும்பாலும் தடையிருக்காது. வரம்பைத் தொடாவிட்டாலும், சமமாக ஏற்கப்பட்ட பட்டம் இருந்தால் திறன்மிகு பணியாளர் அனுமதி கிடைக்கும்.

ஒப்பந்தத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். பழைய அட்டை முடிய ஒரு வாரம் இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. புதிய அனுமதி கைக்கு வரும்வரை 20 மணி நேர வரம்பு உங்களுக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். முழுநேரமாகச் சேரச்சொல்லி நிறுவனம் அவசரப்படுத்தினாலும் சேராதீர்கள். அதற்குத் தகுந்த மாதிரி, வேலை தொடங்கும் தேதியை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடச்சொல்லிக் கேட்பதில் தவறில்லை. திறன்மிகு வேலைக்கான ஒப்பந்தம் இருந்தும் எந்த அனுமதிக்கும் பொருந்தாமல் போனால், இந்த அட்டையையே இரண்டு வருடம் வரை நீட்டிக்கக் கேட்க வழியிருக்கிறது.

மனைவி, பிள்ளைகளை இந்த அட்டையில் இருக்கும்போது அழைத்துக்கொள்வது பொதுவாக நடக்காது. ப்ளூ கார்டு வந்ததும் அவர்களுக்கான விண்ணப்பத்தைத் தொடங்கலாம், மனைவிக்கோ கணவனுக்கோ அங்கே வேலை பார்க்கவும் உரிமை உண்டு. ப்ளூ கார்டில் நிரந்தரக் குடியிருப்புக்கு 27 மாதம், ஜெர்மன் பி1 இருந்தால் 21 மாதம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் மாலை நேர ஜெர்மன் வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.